ஆற்றங்கரைச் சிற்றூரின் வரலாற்றை எழுதுவது எப்படி: செட்டிநாட்டு ஊர்களை முன்வைத்து ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டு ஊர் ஒன்றைப் பற்றி எழுத உட்காருபவரின் கையை முதலில் பிடித்து இழுப்பது வீடுதான். ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் வளவு, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை என்று எழுதத் தொடங்கினால் நாற்பது பக்கம் தானாக நிறைந்துவிடும். ஆனால் அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் எந்தத் தெருவில் குடியிருந்தார், வீட்டுக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது, அதை யார் சுமந்து வந்தார்கள், பாசனக் குளமான கண்மாய் உடைந்த ஆண்டில் ஊர் எப்படிப் பிழைத்தது என்ற கேள்விகளுக்கு அந்த நாற்பது பக்கத்தில் விடை இருக்காது. எங்கள் ஊரின் வரலாற்றைத் தொகுக்கும் வேலையில் முதல் ஓராண்டை நான் வீடுகளிலேயே செலவிட்டேன். ஆற்றிலிருந்து தொடங்கித் தண்ணீர் போகும் வழியிலேயே நடந்த பிறகுதான் ஊரில் உள்ள எல்லாத் தெருக்களும் என் குறிப்பேட்டுக்குள் வந்தன. ஆற்றங்கரையில் உள்ள தம் சிற்றூரைப் பற்றி எழுத விரும்புவோர் அனைவருக்கும் இந்த வழியையே நான் சொல்வேன்.

இங்கே ஆறு என்றால் காவிரியையோ தாமிரபரணியையோ நினைத்துக்கொள்ளக் கூடாது. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு, விருசுழியாறு ஆகியவை ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் நாணலுமாகக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் மட்டும் கரை தொட்டு ஓடுபவை. ஆற்றைப் பற்றி எழுதும்போது பெயர்க் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மணிமுத்தாறு என்ற பெயரில் திருநெல்வேலிச் சீமையிலும் ஓர் ஆறு உண்டு. அணைக்கட்டு உள்ள அந்த ஆற்றின் செய்திகளைத் திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கத்து மணிமுத்தாற்றின் கணக்கில் சேர்த்து எழுதிவிட்டவர்களை நான் அறிவேன். வடக்கே ஓடும் வெள்ளாற்றைப் பாண்டி நாட்டின் வட எல்லையாகப் பழைய தனிப்பாடல் ஒன்று கூறுகிறது. கானாடு என்னும் பழைய நாட்டுப் பெயர் கானாடுகாத்தான் என்ற ஊர்ப்பெயருக்குள் இன்னும் இருக்கிறது. உங்கள் ஊர் எந்த ஆற்றுக்கு எந்தக் கரையில், எந்தப் பழைய நாட்டுக்குள் இருந்தது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. பிற்பாடு கல்வெட்டையும் பத்திரத்தையும் தேடும்போது அந்த நாட்டுப் பெயர்தான் துணை செய்யும்.

முதல் வேலை நடப்பது. ஆற்றில் தண்ணீர் வரும் மாதத்தில் ஒரு முறையும், பங்குனி சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது ஒரு முறையும் அதே பாதையில் நடக்க வேண்டும். ஆற்றிலிருந்து வரத்துக்கால் எந்த இடத்தில் பிரிகிறது, அது எத்தனை கண்மாய்களைத் தொட்டு வருகிறது, மேலூர்க் கண்மாய் நிறைந்து மறுகால் போனால் அந்த நீர் யாருக்குப் போய்ச் சேர்கிறது, உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை, மிகுநீர் வழியும் கலுங்கு எங்கே, கலுங்கில் நட்டிருக்கும் கற்கள் எத்தனை என்பதை நடந்துகொண்டே குறித்துக்கொள்ளுங்கள். கலுங்குக் கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது வழக்கம்; கீழூர்க்காரர்களுக்கும் மேலூர்க்காரர்களுக்கும் இடையே எழுந்த பழைய வழக்குகளுள் பல அந்த ஒரு முழ உயரத்தைப் பற்றியவை. வரைபடத்துக்குக் கருவிகள் வேண்டியதில்லை. காலடி எண்ணி, திசை குறித்து, கண்ணுக்குத் தெரிந்ததை வரைந்தால் போதும். அளவில் பிழை இருந்தாலும் நில அளவைத் துறையின் புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பின்னர் திருத்திக்கொள்ளலாம். ஆனால் நடக்காமல் புலப்படத்தை மட்டும் பார்த்து எழுதியவருக்கு, வரத்துக்கால் எந்த இடத்தில் சீமைக்கருவேலத்தால் அடைபட்டுப் போயிருக்கிறது என்பது தெரியாது.

கண்மாயிலிருந்து ஊருணிக்கு வருவோம். செட்டிநாட்டின் உண்மையான கட்டடக்கலை ஊருணியில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. தெருக்களை நேர்கோட்டில் போட்டு, கூரையிலும் வளவு முற்றத்திலும் தெருவிலும் விழும் மழைநீரை வாய்க்கால்கள் வழியாக இறக்கி, மண் படிந்த பிறகு ஊருணிக்குள் விடும் ஏற்பாட்டை இன்றும் பல ஊர்களில் தடம் பிடித்துப் பார்க்கலாம். எங்கள் ஊர்க் குடிநீர் ஊருணியின் நான்கு பக்கமும் செம்புறாங்கல் படிகள். வடகிழக்கு மூலையில் நீர் நுழையும் வாய். அதற்கு முன்னே ஆள் இறங்கித் தூர் அள்ளும் அளவுக்கு ஒரு குழி. ஏழாவது படியின் விளிம்பில் மட்டும் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கின்றன. அவை எப்படி விழுந்தன என்று எனக்குப் புரியவில்லை. தண்ணீர் எடுக்க வந்தவர்கள் குடத்தை வைத்து வைத்துத் தேய்ந்த குழிகள் அவை என்றும், கோடையில் நீர்மட்டம் அந்தப் படியில்தான் நிற்கும் என்றும் அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் ஆத்தா சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோன நீரைத் தேத்தாங்கொட்டையால் பானையின் உட்புறம் தேய்த்துத் தெளியவைத்த முறையையும் அவரே கையால் செய்து காட்டினார். இப்படி ஒன்றைக் கண்டால் கல்லின் அளவையும் குழிகளின் எண்ணிக்கையையும் சொன்னவரின் சொற்களையும் அன்றிரவே எழுதிவைத்துவிடுங்கள்.

ஒவ்வோர் ஊருணிக்கும் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். குடிநீர் ஊருணி, குளிக்கும் ஊருணி, மாடு இறங்கும் குளம் என்ற பிரிவு தூய்மைக்காக ஏற்பட்டது. சேரிக்குத் தனி ஊருணி என்ற பிரிவு அப்படி ஏற்பட்டதன்று. ஊர்ப் பெருமை எழுதும் ஆர்வத்தில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுபவர்கள் உண்டு. அது அந்தத் தெருவில் இன்றும் வாழ்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

பெரியவர்களிடம் கேட்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். “ஊர் வரலாறு சொல்லுங்கள்” என்று கேட்டால் விடை கிடைக்காது. “எனக்கென்ன அப்பு தெரியும், படிச்சவுகளப் போய்க் கேளு” என்றுதான் எனக்கும் முதலில் சொன்னார்கள். அதே ஆத்தாவிடம், “ஆத்துல மொத வெள்ளம் வந்தா யாரு போயிப் பாப்பாக?” என்று கேட்டபோது பேச்சு இரண்டு மணி நேரம் ஓடியது. மடை திறப்பவர் எந்தக் குடும்பம், அவருக்கு அறுவடையில் எவ்வளவு நெல் அளந்தார்கள், கரை உடையாமல் காக்க வீட்டுக்கு ஓர் ஆள் போன குடிமராமத்து எந்த ஆண்டோடு நின்றது, அறுப்பு முடிந்து கண்மாய் வற்றியதும் ஊத்தா எடுத்துக்கொண்டு இறங்கிய மீன்பிடியில் யாருக்கு முதல் உரிமை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வேலையைக் கேளுங்கள், வரலாறு அதோடு சேர்ந்து வரும். பேசுபவரை ஆச்சி, ஆத்தா, ஐயா, அண்ணே என்று அந்த வீட்டில் வழங்கும் முறையிலேயே அழைக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முதலில் சொல்லி அனுமதி பெற வேண்டும். பெயர் போடலாமா என்பதை முடிவில் இன்னொரு முறை கேட்க வேண்டும்; ஏனெனில் பேசத் தொடங்கும்போது அவர்களுக்கே தாம் என்னென்ன சொல்லப்போகிறோம் என்பது தெரியாது.

தெருத் தெருவாகப் போகும்போது வேளாளர், கொத்தனார், ஆசாரி, குயவர், வண்ணார், மருத்துவர் (நாவிதர்), பள்ளர், பறையர், வலையர், இராவுத்தர் என்று உங்கள் ஊரில் உள்ளவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கோயில் திருவிழாவைப் பற்றிய கேள்வியில் விடைகள் பிரியும். மண்டகப்படி யாருக்கு, முதல் மரியாதை யாருக்கு, வடம் பிடிப்பவர் யார் என்பதில் ஊரின் அமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. தேவகோட்டைக்கு அருகே கண்டதேவியில் உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி ஆகிய நான்கு நாட்டார் வடம் பிடிக்கும் தேரில், பட்டியலினத்தவரும் வடம் தொடுவது பற்றிய உரிமைக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றதும், அதன் பொருட்டுத் தேர் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்றதும் ஊரறிந்தவை. உங்கள் ஊரில் அத்தகைய வழக்கு இருந்தால் இரு தரப்பையும் கேட்டு, இரு தரப்பின் சொற்களிலும் எழுதுங்கள்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் தம் சமூகத்தைக் கணக்கிடும் முறை எழுத்தாளருக்குப் பெருந்துணை. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்ததாகவே ஒவ்வொரு குடும்பமும் இருக்கும். மணமான குடும்பம் ஒரு புள்ளியாக எண்ணப்படும். ஆகவே ஊர்க் கோயிலின் புள்ளிக் கணக்கு ஏடு கிடைத்தால், எந்தக் காலத்தில் ஊர் பெருகியது, எப்போது சுருங்கியது என்பது வரிசையாகத் தெரியும். மொய் ஏடு, திருமண ஒப்பந்தமான இசைகுடிமானம், கொண்டுவிற்ற கடையின் பற்றுவரவு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) ஆகியவற்றையும் வீட்டார் காட்டினால் பாருங்கள். வீட்டை விட்டு வெளியே எடுத்துச் செல்லக் கேட்கவே கூடாது. வளவிலேயே உட்கார்ந்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஏடுகளைப் படிக்கச் சில குறிகளைப் பழக வேண்டும். ௵ என்பது வருடம், ௴ என்பது மாதம், ௳ என்பது நாள், ௹ என்பது ரூபாய், ௸ என்பது மேற்படி. எண்களில் ௧ முதல் ௯ வரையும், ௰, ௱, ௲ ஆகிய பத்து, நூறு, ஆயிரமும் தெரிந்தால் பெரும்பாலும் போதும். ஆண்டைக் கணக்கிடுவதுதான் இடறும் இடம். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும். பிரபவ என்றால் அது 1867, 1927, 1987 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். முதியவர்கள் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கியது என்பதை யாரும் தவறவிடுவதில்லை, ஆனால் சாதாரணக் கல்லில் அந்த உறுதி கிடைப்பதில்லை.

நான் செய்த தவற்றையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஆற்றுப் படித்துறைக் கல்லில் ‘விக்கிரம ௵ தை ௴’ என்று இருந்ததைப் பார்த்து, 1940 என்று எழுதிவிட்டேன். அதில் இரண்டு பிழைகள். விக்கிரம ஆண்டு 1940 ஏப்ரலில் பிறந்தது என்றே வைத்தாலும், அதன் தை மாதம் 1941 ஜனவரியில்தான் வரும். அதைத் திருத்திய பிறகு, படித்துறை கட்டியவரின் பெயர், வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கான பசலியில் 1318ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றில் ‘காலஞ்சென்ற’ என்ற அடைமொழியோடு இருப்பதைக் கண்டேன். பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்; ஆக அந்தப் பத்திரம் 1908 ஜூலைக்கும் 1909 ஜூனுக்கும் இடைப்பட்டது. அதற்கு முன்பே இறந்துவிட்டவர் 1941இல் படித்துறை கட்டியிருக்க முடியாது. கல் 1881 ஜனவரியைச் சேர்ந்தது, அதாவது தாது வருஷப் பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளில் கட்டப்பட்ட துறை அது. ஊரில் வேலையும் கூலியும் இல்லாதிருந்த காலத்துக்கு அவ்வளவு அருகில் அது கட்டப்பட்டது என்பது தெரிந்த பின் அந்தப் படிகளை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. எந்தக் கல்லுக்கும் வேறொரு சான்று கிடைக்கும்வரை இரண்டு ஆண்டுகளையும் எழுதிவைப்பதே இப்போது என் வழக்கம்.

அரசு ஆவணங்களைத் தேடும்போது மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்திருப்பதை நினைவில் வைக்க வேண்டும். சிவகங்கை மாவட்டம் 1985இல் பிறந்தது. அதற்கு முன் 1910 முதல் இராமநாதபுரம் மாவட்டம். அதற்கும் முன் மதுரை மாவட்டம். பாம்பாற்றுப் பக்கத்துத் திருமயம் ஊர்களோ 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்து, பிறகு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்ந்து, 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. சிவகங்கைச் சீமை ஜமீனாக இருந்ததால், 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முற்பட்ட நிலக் கணக்குகள், அரசே உழவரிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி ஊர்களில் கிடைப்பதுபோல் ஒழுங்காகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஊர்க் கணக்கரான கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டபோது பல கணக்குகள் இடம் மாறின. பழைய கர்ணம் வீட்டாரிடம் ஒரு முறை கேட்டுப் பார்ப்பது வீண் போகாது. இன்றைய நிலவரத்துக்கு வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடு போதும்: ஆறு, கண்மாய், ஊருணி, வரத்துக்கால், மயானம், நத்தம் எல்லாம் அதில் புறம்போக்காக எண்ணோடு இருக்கும். நீங்கள் நடந்து வரைந்த படத்தில் உள்ள ஒரு வாய்க்கால் பதிவேட்டில் இருந்து, தரையில் இல்லாமல் போயிருந்தால், அதை அப்படியே எழுதுங்கள். யார்மீதும் பழி சொல்ல வேண்டியதில்லை.

கல்வெட்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கோயில் சுவரில் எழுத்தைக் கண்டால் எண்ணெய், சுண்ணாம்பு, மாவு எதையும் பூசாதீர்கள். இரவில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழலால் எழுந்து தெரியும். அந்த நிலையில் படம் எடுங்கள். தொல்லியல் துறையினர் முன்பே படித்து வெளியிட்ட பாடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சொந்த வாசிப்பில் இறங்க வேண்டும். குன்றக்குடிக் குடைவரைக் கோயிலில் இறைவன் தேனாற்றுநாதர் என்று வழங்குவதைப் போல, ஆற்றின் பெயர் இறைவன் பெயரிலேயே தங்கியிருக்கக் கூடும். ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் மட்டும் நிதானம் தேவை. இளையாற்றங்குடி என்ற பெயரில் ஆறு இருப்பதுபோல் தோன்றினாலும், இளைப்பாறுதல் என்ற சொல்லைக் காட்டி விளக்குவோரும் உண்டு. இரண்டையும் எழுதிவிட்டு, மிகப் பழைய எழுத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்பதைச் சேர்த்தால் வாசகரே எடை போட்டுக்கொள்வார்.

அச்சில் வந்தவற்றுக்குச் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும். அந்தத் தொகுப்பே கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்ததுதான். 1920களில் காரைக்குடியிலிருந்து வந்த ‘தனவைசிய ஊழியன்’, ‘குமரன்’ போன்ற இதழ்கள் ஊர்ச் செய்திகளுக்குச் சுரங்கம். “காந்தி எங்க ஊருக்கு வந்தாரு” என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். காந்தியடிகள் 1927 செப்டம்பரில் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தது உண்மை. அவர் பேச்சுகள் இடமும் நாளும் குறித்து அச்சாகியிருப்பதால், உங்கள் ஊர் அதில் இருக்கிறதா, அல்லது பக்கத்து ஊருக்கு வந்தபோது உங்கள் ஊர்க்காரர்கள் வண்டி கட்டிப் போய்ப் பார்த்தார்களா என்பதைச் சரிபார்க்கலாம். வண்டி கட்டிப் போன செய்தியும் எழுதத் தக்கதே.

இன்றைய ஊரையும் எழுத வேண்டும். நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய பர்மாவை 1942இல் ஜப்பானியர் பிடித்ததும், விடுதலைக்குப் பின் அங்கே நிலங்களும் வங்கிகளும் நாட்டுடைமையானதும் இந்த ஊர்களின் வரவை நிறுத்தின. அதன் பிறகு பூட்டிய வீடுகள் எத்தனை, திருமணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறப்பவை எத்தனை, காவற்காரர் குடும்பம் மட்டும் இருப்பவை எத்தனை என்று தெருவாரியாக எண்ணுங்கள். ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் தெருக்களில் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பிள்ளைகள் போகிறார்கள், வயலில் இறங்குபவர் யார், வெளிநாட்டுக்குப் போனவர் யார் என்பதையும் அதே கவனத்தோடு எண்ண வேண்டும்.

எழுதி முடித்ததும் அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள். முதலில், செய்தி சொன்னவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பிள்ளையார் கோயில் திண்ணையில் மூன்று மாலைகளாக என் பிரதியைப் படித்தேன். ஏழாவது படியைப் பற்றிய பத்தி வந்தபோது அந்த ஆத்தா கையமர்த்தி, குடத்தை வைத்துத் தேய்ந்தது என்று எழுதியிருக்கிறாயே, பித்தளைக் குடம் வருவதற்கு முன்னால் நாங்கள் மண்பானைதான் கொண்டுபோனோம், மண்பானை கல்லைத் தேய்க்காது, உடைந்துதான் போகும், அதையும் போடு என்றார். தங்கள் தெருவுக்குப் பித்தளை வந்தது தன் கல்யாணத்துக்குப் பிறகுதான் என்றும் சொன்னார். திருத்திய பிரதிகளில் ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும், ஒன்றைக் கிளை நூலகத்திலும், ஒன்றை இப்போது மடை திறப்பவர் வீட்டிலும் கொடுத்தேன். அவர் தன் பிரதியின் கடைசித் தாளில் கலுங்கு மறுகால் போன நாளை ஆண்டுதோறும் பென்சிலால் எழுதிவருகிறார்.